வௌவால் மரத்தடியில் ஒரு வாபஸ்

போன மாதம் எங்கள் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் கூட்டத்தில் இளையவர்கள் ஒரு யோசனை வைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை இயற்கை நடையிலோ குடியிருப்புகளில் நடத்தும் பேச்சிலோ வழிகாட்டி எதையாவது தவறாகச் சொல்லிவிட்டால், அதை வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி போட்டுத் திருத்திவிடலாம். அதற்காக ஓர் ஆள் நேரில் திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வருவது இந்தப் பெங்களூரு போக்குவரத்தில் தேவையில்லாத வேலை என்றார்கள். யோசனை சொன்னவர் கெட்டிக்காரர், கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்தே பறவையின் பெயரைச் சொல்லிவிடுவார். ஆனால் அன்று ஓசூர் சாலையில் ஒன்றரை மணி நேரம் நின்றுவிட்டு வந்திருந்தார். அந்தக் கோபமும் சேர்ந்து பேசியது என்று நினைக்கிறேன்.

"வசந்தாக்கா, நீங்க என்ன சொல்றீங்க?" என்று எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நான் ஓய்வு பெற்று நான்கு மாதம் ஆகிறது. மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வாயைத் திறந்தால் சண்டை வரும் என்று தெரிந்ததால் டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். வந்த பிறகுதான் கை பரபரத்தது. ஆகவே இது.

திரும்பிப் போய்த் திருத்துவதற்கு எங்கள் அலுவலகத்தில் 'வாபஸ்' என்று பெயர். யார் வைத்தார்கள் என்று தெரியாது. "இன்னைக்கு எங்க, ஆளையே காணோம்?" என்றால் "ஆனேக்கல்ல ஒரு வாபஸ் இருக்கு" என்போம். விதி ஒன்றுதான். யாரிடம் தவறாகச் சொன்னாயோ அவர்களிடம், எந்த இடத்தில் சொன்னாயோ அந்த இடத்தில், எந்த வாயால் சொன்னாயோ அந்த வாயால் போய்ச் சொல்ல வேண்டும். ஆள் மாற்றி அனுப்பக் கூடாது. கடிதம் போடக் கூடாது.

இந்த விதியைக் கொண்டுவந்தவர் எங்கள் மேலாளர் நாகராஜ் சார். ஒல்லியான மனிதர். அரைக்கைச் சட்டையை உள்ளே விட்டு, வெயில் காலத்திலும் ஒரு குடையோடு வருவார். அவர் கன்னடத்தில் பேசுவார், நான் தமிழில் பதில் சொல்வேன். இருபது வருடத்துக்கு மேல் எங்கள் பேச்சு அப்படியேதான் நடந்தது, ஒருநாளும் ஒருவரை ஒருவர் 'என்ன சொன்னீர்கள்' என்று கேட்டதில்லை. அவர் சொன்னதையெல்லாம், ஒன்றிரண்டு சொல் தவிர, இங்கே தமிழில்தான் எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த கதை பெரிதாக ஒன்றும் இல்லை. அப்பா மாநில அரசு அலுவலகம் ஒன்றில் தட்டச்சர். வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். விலங்கியல் படித்துவிட்டு, கல்யாணம் ஆகும்வரை ஏதாவது ஒரு வேலை என்று இந்த அமைப்பில் சேர்ந்தேன். கல்யாணமும் ஆனது, வேலையும் தொடர்ந்தது. முதல் ஒரு வருடம் பயிற்சி. ஏரிக்கரைகளைச் சுற்றினேன், முள் குத்தியது, மூன்று ஜோடி செருப்பு தேய்ந்தது. அவ்வளவுதான்.

பயிற்சியில் கற்றுக்கொண்டவற்றில் சிலதை மட்டும் சொல்ல வேண்டும். நடை ஞாயிறு காலை என்றால், வழிகாட்டி சனிக்கிழமை அதே நேரத்துக்குத் தனியாக அதே பாதையில் நடந்து பார்க்க வேண்டும். எந்தப் புதரில் கூடு இருக்கிறது என்று முதல் நாளே தெரிந்தால்தான் மறுநாள் இருபது பேரை அந்தப் பக்கம் போகாமல் திருப்ப முடியும். குடியிருப்புகளில் பேசும்போது மைக் பிடிக்கக் கூடாது. அவர்கள் தரையில் உட்கார்ந்திருந்தால் நாமும் தரையில் உட்கார வேண்டும். முதலில் அவர்கள் என்ன பார்த்தார்கள் என்று கேட்ட பிறகுதான் நாம் பேச வேண்டும். 'பயப்படாதீர்கள்' என்று மட்டும் சொல்லவே கூடாது. பயப்படுகிறவரிடம் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கடைசியாக, ஒவ்வொரு நடையிலும் ஒரு தடவையாவது 'கொத்தில்லா' என்று சொல்ல வேண்டும். கன்னடத்தில் தெரியாது என்று அர்த்தம்.

"மூணு மணி நேரம் ஏரிக்கரையில நடந்துட்டு ஒரு கொத்தில்லா கூடச் சொல்லாம வந்தா, அவன் ஏரியைப் பார்க்கல, தன்னைத்தான் பார்த்துக்கிட்டு வந்திருக்கான்" என்பார் நாகராஜ் சார்.

அவர் கண்டிக்கிற ஆள் இல்லை. மாதம் ஒருமுறை சொல்லாமல் வந்து யாராவது ஒரு வழிகாட்டியின் நடையில் கடைசி ஆளாக நிற்பார். இடையில் பேச மாட்டார். திங்கட்கிழமை டீ நேரத்தில் பக்கத்தில் வந்து, "அந்தப் பறவை" என்று ஆரம்பிப்பார். நமக்குப் புரிந்துவிடும். அடுத்த திங்கட்கிழமை "ஆய்த்தா?" என்று கேட்பார். ஆயிற்றா, அவ்வளவுதான். ஆகவில்லை என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். திட்டியிருந்தால் திட்டு வாங்கிய கணக்கில் கழித்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம். அந்த ஒரு சொல்லை என்ன செய்வது?

என் முதல் வாபஸ் அடுகோடியில். லேத் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்காக நடத்திய நடை அது. ஒரு வேப்பமரத்தில் கருப்பாக ஆண் குயில், பக்கத்தில் உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பறவை. அது என்ன என்று ஒருவர் கேட்டார். பெண் குயில் அப்படித்தான் இருக்கும் என்பது அன்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல மனமும் வரவில்லை. குயில் அடுத்த பறவையின் கூட்டில் முட்டையிடும் என்று படித்ததை வைத்து, "அது அதோட வளர்ப்புத் தாய்" என்று அடித்துவிட்டேன். எல்லோரும் உருகிப்போனார்கள். ஒருவர் கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து இரண்டு பஸ் மாறிப் போய், பட்டறை வாசலில் நின்று, அது வளர்ப்புத் தாய் இல்லை, மனைவி என்று சொன்னேன். எண்ணெய்க் கையோடு வெளியே வந்த ஒருவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏம்மா, அவங்க குடும்ப விஷயத்தச் சொல்றதுக்கா இத்தன தூரம் வந்தீங்க?" என்றார். பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன், வெட்கம் பிடுங்கித் தின்றாலும். ஆனால் அந்த ஆட்கள் அதற்குப் பிறகு ஒரு நடையைக்கூட விட்டதில்லை.

இப்படிச் சின்னச் சின்ன வாபஸ்கள் நிறைய. எல்லாமே சிரித்துவிட்டு வரக்கூடியவை. அந்த விதி எதற்காக இருக்கிறது என்று எனக்கு உறைத்தது வெகு காலம் கழித்துத்தான். அப்போது நான் அனுபவசாலி என்று பெயர் எடுத்திருந்தேன். அதுதான் ஆபத்தே.

கேரளத்தில் நிபா காய்ச்சல் என்று தொலைக்காட்சியில் இரவும் பகலும் வௌவால் படத்தைக் காட்டிக்கொண்டிருந்த ஒரு மே மாதம். பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கும் ஆனேக்கலுக்கும் நடுவில், தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் வரிசை வீடுகள். அதிகம் பேர் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைப் பக்கத்துக் குடும்பங்கள். வீடுகளுக்கு நடுவில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம், அதில் சில நூறு பழந்தின்னி வௌவால்கள். மரத்தடியில்தான் எல்லா வீடுகளுக்கும் பொதுவான சம்ப், தரைக்கடியில் தண்ணீர் சேர்க்கும் தொட்டி. வீடுகளின் சொந்தக்காரர் முனிராஜு. அந்த மரம் அவருடைய தாத்தா காலத்திலிருந்து இருக்கிறது. வௌவால்களும்தான். ஆனால் குடியிருப்பவர்கள் பயந்துபோய், மரம் போகாவிட்டால் நாங்கள் காலி செய்கிறோம் என்றார்கள். திங்கட்கிழமை வெட்டுவதற்கு ஆள் சொல்லிவிட்டார் முனிராஜு. ஞாயிறு காலை எங்களுக்குத் தகவல் வந்தது. அன்று மாலையே போனேன். நாகராஜ் சாரும் கூட வந்து, வழக்கம்போல் கடைசியில் உட்கார்ந்துகொண்டார்.

ஏறத்தாழ நாற்பது பேர் கூடியிருந்தார்கள். நன்றாகத்தான் ஆரம்பித்தேன். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டேன், விதை பரப்புவதைச் சொன்னேன், இவை வேண்டாம் என்று விரட்டினால் அடுத்த தெருவில் போய்த்தான் தொங்கும் என்றேன். ஆனால் முன்வரிசையில் இருந்த செல்வி என்ற பெண் என்னை விடவில்லை. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை. மடியில் நான்கு வயது மகன்.

"விதை கிதையெல்லாம் அப்பறம் சொல்லுங்க. எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லுங்க, போதும்" என்றாள்.

"ஆகாதும்மா" என்றேன்.

"இப்ப சொல்லிட்டுப் போயிருவீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா உங்கள எங்க வந்து தேடுறது? எழுதிக் குடுப்பீங்களா?"

கூட்டம் என்னையே பார்த்தது. மறுநாள் காலை ஆள் வந்து மரத்தை வெட்டிவிடுவார்கள். மரத்தில் குட்டிகள் இருந்தன, தாயின் வயிற்றைக் கவ்விக்கொண்டு. இதெல்லாம் உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை, அதை மறைக்க மாட்டேன். அத்தனை வருட அனுபவம் உள்ள நான், இத்தனை பேர் முன்னால் ஒரு பெண்ணின் கேள்விக்குத் தடுமாறக் கூடாது என்ற வீம்பு எனக்கு வந்துவிட்டது.

"எழுதியே தர்றேன்" என்றேன். ஒரு தாளை வாங்கி, 'இந்த மரத்து வௌவால்களால் மனிதர்களுக்கு எந்த நோயும் வராது' என்று எழுதி, பெயர், பதவி எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டேன். அதோடு நின்றேனா? "கையில எடுத்துக் கொஞ்சலாம், அவ்வளவு சாது" என்று வாயாலும் சொன்னேன்.

கைதட்டினார்கள். முனிராஜு அங்கேயே போனை எடுத்து மரம் வெட்டுகிறவரிடம் வர வேண்டாம் என்றார். செல்வி அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

திரும்பும் பஸ்ஸில் நான் சீட்டில் உட்கார்ந்திருந்தேனா மிதந்தேனா என்று எனக்கே தெரியாது. எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டும்வரை நாகராஜ் சார் குடையை மடியில் வைத்துக்கொண்டு சாலையைப் பார்த்தபடி வந்தார். பிறகு, "அந்தக் காகிதம்" என்றார்.

"மரம் பிழைச்சுதே சார்."

"ஆமா. பிழைச்சது. நீங்க எழுதினது நிஜமா?"

"பெரும்பாலும் நிஜம்தான் சார்."

"பெரும்பாலும்னு எழுதினீங்களா?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பழந்தின்னி வௌவால்கள் அந்தக் கிருமியைச் சுமக்கக்கூடும் என்பது எனக்குத் தெரியும். அந்த மரத்து வௌவால்களை யாரும் சோதித்ததில்லை என்பதும் தெரியும். கடித்துப் போட்ட பழத்தைத் தின்னக் கூடாது, வெறும் கையால் தொடக் கூடாது என்று மற்ற இடங்களில் நானே பேசியிருக்கிறேன். இவை தெரியாமல் செய்திருந்தால் தப்பு. தெரிந்தே செய்ததற்கு வேறு பெயர்.

"இப்ப போய்ச் சொன்னா மரத்தை வெட்டிடுவாங்க சார்" என்றேன்.

"வெட்டலாம். ஹோகி பன்னி" என்றார். போய் வாருங்கள் என்று.

நான் போகவில்லை. முதல் திங்கட்கிழமை "ஆய்த்தா?" என்றார். ஞாயிறு வேறு நடை இருந்தது என்றேன். இரண்டாவது திங்கட்கிழமை "ஆய்த்தா?" என்றார். தங்கை வீட்டில் விசேஷம் என்றேன். விசேஷம் எதுவும் இல்லை. மாம்பழக் காலம் முடியட்டும், குட்டிகள் பறக்கட்டும், பிறகு போய்ச் சொன்னால் என்ன என்று எனக்கு நானே நியாயம் பேசிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஞாயிறு மாலை ஆலங்கட்டி மழை, பேய்க்காற்று. ஊரெல்லாம் மரம் சாய்ந்தது. திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் நாகராஜ் சார் என் பக்கம் வருவதைப் பார்த்தேன். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

தூங்குமூஞ்சி மரத்தில் இரண்டு கிளை முறிந்திருந்தது. அருகில் இருந்த பம்ப் அறையின் சுவரில் என் தாள் ஒட்டியிருந்தது. யாரோ அதை லேமினேஷன் செய்திருந்தார்கள். மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை. என் கையெழுத்து பளிச்சென்று தெரிந்தது. அதன் கீழே சம்ப்பின் மூடி துருப்பிடித்து, பாதி உடைந்து, வாயைப் பிளந்துகொண்டிருந்தது. அன்று பேசும்போது அது என் கண்ணிலேயே படவில்லை.

செல்வி தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். வேலைக்குப் போகவில்லை. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாங்கக்கா! நீங்க வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல. இங்க பாருங்க" என்று மடியிலிருந்த துண்டை விலக்கினாள். ஒரு வௌவால் குட்டி. இரண்டு பெரிய கண்கள், நாய்க்குட்டி மூஞ்சி. "காத்துல வுழுந்துடுச்சி. அம்மாவக் காணோம். நேத்துலருந்து பஞ்சுல பால நனைச்சி வச்சிக்கினு இருக்கேன். வெட்டணும்னு மொதல்ல கத்துனது நான்தானே, அதான் மனசு கேக்கல."

"கையில என்ன செல்வி?"

ஆள்காட்டி விரலில் ஒரு துணிச் சுற்று. "ஒண்ணுமில்லக்கா. பால் குடுக்கும்போது சும்மா ஊசி குத்தின மாதிரி கடிச்சிடுச்சி. அது பசிக்குத்தானே? நீங்கதான் சொல்லியிருக்கீங்களே, ஒண்ணும் ஆவாதுன்னு. தம்பிகூட தொட்டுத் தொட்டுக் கொஞ்சினான்."

இத்தனை வருடத்தில் யானை முன்னால் நின்றிருக்கிறேன், மிதிக்க இருந்த பாம்பின் மேலிருந்து காலை இழுத்திருக்கிறேன். அந்த வாசலில் வந்த பயம் வேறு எங்கேயும் வந்ததில்லை.

"செல்வி, கையை சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவு. நல்லா நேரம் எடுத்துக் கழுவு. தம்பி கையையும் கழுவு. ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றேன்.

"எதுக்குக்கா?"

"நான் எழுதிக் குடுத்தது தப்பு."

அவள் என்னைப் பார்த்தாள். போய்க் கழுவினாள். காட்டுயிர் மீட்பு ஆட்களுக்குப் போன் செய்து, குட்டியைத் தொடாமல் துண்டோடு ஓர் அட்டைப்பெட்டிக்குள் இறக்கிவைத்துவிட்டு, ஆட்டோவில் ஆனேக்கல் அரசு மருத்துவமனைக்குப் போனோம். வழி நெடுகச் செல்வி மகனை இறுக்கிப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி வழியில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அன்னைக்கு எழுதும்போதே தெரியுமாக்கா?"

பொய் சொல்ல அது கடைசி வாய்ப்பு. "தெரியும்" என்றேன்.

டாக்டரம்மா விரலைப் பார்த்துவிட்டு, வௌவாலைக் கையில் எடுக்கலாம் என்று எந்த அறிவாளி சொன்னது என்று சத்தம் போட்டார். நான்தான் என்றேன். வௌவால் கடியிலும் வெறிநோய் வரலாம் என்று, வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசிகளைச் செல்விக்கு ஆரம்பித்தார்கள். குழந்தையின் கையில் காயம் இல்லை. இரண்டு பேருக்கும் மூன்று வாரம் காய்ச்சல் வருகிறதா என்று பார்க்க வேண்டும், வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது என்றார். அடுத்த ஊசிக்கும் நான்தான் கூட்டிப்போனேன். அவள் வந்தாள், பேசவில்லை.

அந்த ஞாயிறு மறுபடியும் கூட்டம். அதே மரத்தடி, அதே ஆட்கள், இன்னும் அதிகமாக. செல்விக்கு நடந்தது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நாகராஜ் சார் வந்து கடைசியில் உட்கார்ந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சுவரிலிருந்து தாளை எடுக்கப் போனேன். லேமினேஷன் போட்டதால் வரவில்லை. நகத்தால் சுரண்டினேன். கூட்டம் பார்த்துக்கொண்டே இருந்தது. முனிராஜு ஒரு கத்தியைக் கொண்டுவந்து ஓரத்தை நெம்பிக் கொடுத்தார். அதை உரக்கப் படித்தேன். "இது பொய். எனக்குத் தெரிஞ்சே எழுதினேன். மரத்தைக் காப்பாத்தணும்னு எழுதினேன். கைதட்டு வாங்கணும்னும் எழுதினேன்" என்றேன். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லத்தான் அதிக நேரம் பிடித்தது.

பிறகு எதெல்லாம் தெரியுமோ அதைச் சொன்னேன். கடித்த பழத்தைத் தொடாதீர்கள். விழுந்த குட்டியைக் கையால் எடுக்காதீர்கள், எங்களைக் கூப்பிடுங்கள். எச்சம் விழாதபடி சம்ப்புக்கு இறுக்கமான மூடி போடுங்கள். மரத்தை வெட்டி விரட்டினால் அவை மிரண்டு சிதறும், அது இன்னும் கெடுதல். இந்த மரத்து வௌவாலிடம் கிருமி இருக்கிறதா என்று ஒருவர் கேட்டார். கொத்தில்லா என்றேன்.

கத்தினார்கள். "எங்கள என்னா லூசுங்கன்னு நெனச்சிக்கினியா?" "மொதல்ல ஒண்ணு சொல்றது, அப்பறம் ஒண்ணு சொல்றது!" "நாளைக்கே ஆளக் கூப்புடுங்க, வெட்டிப் போடலாம்!" அவர்கள் கேட்டதில் ஒன்றுகூடத் தப்பு இல்லை. முனிராஜு மரத்தைப் பார்த்தார், ஆட்களைப் பார்த்தார், போனை எடுத்தார்.

"இருங்க" என்று செல்வி எழுந்தாள். "ஊசி போட்டுக்கினது நானு. கேக்க வேண்டியதும் நானு." என் பக்கம் திரும்பினாள். ஆட்டோவுக்குப் பிறகு அன்றுதான் என் முகம் பார்த்துப் பேசினாள். "மூடி போட்டு, பழத்தத் தொடாம, குட்டியத் தொடாம இருந்தா இந்த மரம் இங்க இருக்கலாமா? மரத்துக்காகச் சொல்லாதீங்க. உங்க வூடு இங்க இருந்தா என்னா செய்வீங்களோ அதச் சொல்லுங்க."

யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன். "இருப்பேன். வெட்டச் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணுமே ஆகாதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன்" என்றேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் அந்தக் குட்டியத் தொட்டிருக்கவே மாட்டேன்" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "எனக்கு மூடி போட்டா போதும். காய்ச்சல் வந்தா அப்ப வெட்டுங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளே அப்படிச் சொன்ன பிறகு மற்றவர்களுக்குச் சத்தம் போட வாய் வரவில்லை. முனிராஜு போனைப் பையில் போட்டுக்கொண்டு, சம்ப்பின் வாயை ஜாண் வைத்து அளக்க ஆரம்பித்தார்.

மூன்று வாரம் தினமும் காலையும் மாலையும் போன் செய்தேன். "இல்லக்கா" என்று ஒரே சொல்லில் வைத்துவிடுவாள். மூன்று வாரம் முடிந்த மறுநாள் நான் போன் செய்யவில்லை, அவள் செய்தாள். "ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லக்கா. இன்னா, மறந்துட்டீங்களா?" என்றாள். சமையலறையில் நின்றபடியே அழுதேன். மறுநாள் டீ நேரத்தில் நானே நாகராஜ் சாரிடம் போய் "ஆய்த்து சார்" என்றேன். அவர் எனக்கு ஒரு டீ ஊற்றிக் கொடுத்தார். அவர் கையால் நான் குடித்த ஒரே டீ அது.

இந்த வேலையில் கிடைத்த பாராட்டுகளும் சால்வைகளும் பீரோவில் இருக்கின்றன. வந்தவர்களிடம் காட்டுவேன், எனக்கென்ன கூச்சம்? ஆனால் என் வேலையில் எனக்குப் பெருமை எது என்று கேட்டால், அத்தனை பேர் முன்னால் அந்தச் சுவரைச் சுரண்டிய நாளைத்தான் சொல்வேன். கேட்டவர்கள் தங்கள் போன் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துத் திட்டினார்கள். திட்டி முடித்ததால்தான் கேட்டார்கள். குழுவில் ஒரு செய்தி போட்டிருந்தால் செல்வி விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போயிருப்பாள்.

அந்த மரம் இருக்கிறது. நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஞாயிறு, கடைசி நடையை அங்கே வைத்துக்கொண்டேன். பேசியது நான் இல்லை, செல்வி. சில வருடங்களாக அந்தக் குடியிருப்பில் புதிதாக யார் வந்தாலும் அவர்களை மரத்தடிக்கு அழைத்துவந்து சொல்வது அவள்தான். எங்கள் அமைப்பு அவளை வழிகாட்டிப் பட்டியலில் சேர்த்து மூன்று வருடம் ஆகிறது. அன்றைக்குப் புதிதாகக் குடிவந்த ஓர் இளம் தகப்பன் கைக்குழந்தையோடு நின்றான். அண்ணாந்து பார்த்தான். முகத்தில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது.

"அக்கா, இதால வியாதி வருமா?"

"வரலாம்" என்றாள் செல்வி. "என்னென்ன செய்யக் கூடாதுன்னு சொல்றேன், கேட்டுக்க."

அவள் சொன்னாள், ஒன்று விடாமல். பழம், குட்டி, சம்ப் மூடி, கை கழுவுவது. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, மனசு ஆறாமல், "இப்பிடியெல்லாம் இருந்தா புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல? உறுதியாச் சொல்லுங்கக்கா" என்றான். கூட்டத்தில் என்னைத் தெரிந்தவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் செல்வியைப் பார்த்தேன்.

"தம்பி, என் வூடு அந்த மூணாவது வூடு" என்றாள் செல்வி. "எம்புள்ளையும் இங்கதான் வளர்றான். எப்ப வேணும்னாலும் வந்து கதவத் தட்டு, சந்தேகம் கேளு, சண்ட போடு. உறுதியா எழுதிக் குடுன்னு மட்டும் கேக்காத. இந்த மரத்தடியில அந்தப் பழக்கம் கெடையாது."